எண்ணெய் கசியும் பழைய காரை வாங்கலாமா?

வேலையின் பொருட்டுத் தமிழகத்தை விட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா, புனே முதலிய நகரங்களில் குடியேறி வாழும் குடும்பங்களுக்குக் கார் இன்று ஆடம்பரப் பொருளன்று. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இரயில் நிலையத்திற்கும் சென்று வர அது பயன்படுகிறது. புதிய கார் வாங்கக் கையில் பணம் போதாதவர்களும், இரண்டு மூன்று ஆண்டுகளில் வேற்றூருக்கு மாற்றல் வரக்கூடும் என்று எதிர்பார்ப்பவர்களும் பழைய காரையே நாடுகின்றனர். அவ்வாறு நாடிச் செல்வோர் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. வண்டியின் வண்ணம் பளபளக்கிறது. இருக்கைகள் கிழியாமல் இருக்கின்றன. விலையும் கைக்கு எட்டுவதாக உள்ளது. ஆனால், வண்டி நின்ற இடத்தில் தரையில் கறுப்பாக ஒரு கறை படிந்திருக்கிறது. விற்பவர், "பழைய வண்டி என்றால் இவ்வளவு இருக்கத்தான் செய்யும்" என்கிறார். உடன் வந்த நண்பரோ, "எண்ணெய் ஒழுகும் வண்டியைத் தொடவே கூடாது" என்கிறார்.

இவ்விருவர் கூற்றிலும் பாதியளவே உண்மை உண்டு. எண்ணெய்க் கசிவு என்பது நோயன்று, நோயின் அறிகுறி. தலைவலி வெயிலில் நடந்ததாலும் வரலாம், வேறு பெரிய காரணத்தாலும் வரலாம் அல்லவா? அதுபோலவே, சில நூறு ரூபாய்ச் செலவில் தீர்ந்துவிடும் கசிவும் உண்டு. எஞ்சின் முழுவதும் தேய்ந்து போனதை அறிவிக்கும் கசிவும் உண்டு. கசிவது எது, எங்கிருந்து கசிகிறது, எவ்வளவு கசிகிறது, ஏன் கசிகிறது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே வாங்குவதா விடுவதா என்று முடிவு செய்தல் வேண்டும். இந்நான்கையும் ஓரளவேனும் தாமே ஆராய்ந்து அறிய இயலும். அதற்குப் பொறியியல் கற்றிருக்க வேண்டுவதில்லை. பொறுமையும் ஒரு பழைய அட்டைத் தாளும் போதும்.

கசிவது எது?

காரின் அடியில் சொட்டுவன எல்லாம் எஞ்சின் எண்ணெய் அல்ல. கோடைக் காலத்தில் குளிர்சாதனம் ஓடிய வண்டியின் அடியில் தெளிந்த நீர் சொட்டும். அது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராவதால் உண்டாவது, குறையன்று. பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களில் ஒன்றாய், நீர்போல் ஓடி, இனிய மணம் வீசுமாயின், அது எஞ்சினைக் குளிர்விக்கும் 'கூலன்ட்' ஆகும். சிவந்த நிறமுடைய எண்ணெய் பெரும்பாலும் தானியங்கிக் கியர்ப்பெட்டியையோ பவர் ஸ்டியரிங்கையோ சார்ந்தது. தடித்து, கந்தக நாற்றம் அடித்தால் அது கியர் எண்ணெய். சக்கரத்தின் உட்புறத்திலோ பிரேக் மிதியின் அருகிலோ, மெலிந்து வழுவழுப்பாக, சற்றே மஞ்சள் கலந்து காணப்படுவது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அப்படியாயின், அதைச் சீர்செய்யும் வரையில் அவ்வண்டியைச் சோதனைக்காகக்கூட ஓட்டுதல் ஆகாது. பெட்ரோல் அல்லது டீசல் வாடை வீசினாலும் அவ்வாறே.

எஞ்சின் எண்ணெய் புதிதாக இருக்கும்போது தேன் நிறமுடையது. நாட்பட நாட்படப் பழுப்பாகிக் கறுக்கும். டீசல் எஞ்சினில் அது மிக விரைவிலேயே கறுத்துவிடும். ஆகவே, டீசல் வண்டியின் எண்ணெய் கறுப்பாக இருப்பதைக் கண்டு மிரள வேண்டுவதில்லை. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டை எடுத்து, நிறத்தையும் மணத்தையும் விரல்களுக்கிடையே அதன் தன்மையையும் சோதித்தால் இவற்றுள் பெரும்பாலானவற்றைப் பிரித்தறியலாம்.

எங்கிருந்து கசிகிறது?

எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று சேருமிடங்களில் 'பேக்கிங்' என்னும் இடைத்தகடுகளும், சுழலும் தண்டுகள் வெளிவருமிடங்களில் 'ஆயில் சீல்' என்னும் வளையங்களும் பொருத்தப்பட்டுள்ளன. இவற்றுள் பல இரப்பரால் ஆனவை. ஓயாத வெப்பத்தினாலும் வயதினாலும் இரப்பர் இறுகி, வெடித்து, எண்ணெயைத் தடுக்கும் ஆற்றலை இழக்கிறது. குறைவாக ஓடிய வண்டியிலும் இது நேரும். எனவே, "முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்பது கசிவின்மைக்கு உறுதியாகாது.

எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலின், சொட்டு விழும் இடம் வேறு, கசிவு தொடங்கும் இடம் வேறு. ஈரமாகக் காணப்படும் பகுதியில் மிக உயரத்திலும் மிக முன்புறத்திலும் உள்ள இடமே கசிவின் பிறப்பிடம் என்று கொள்ளலாம். ஐயம் நேர்ந்தால், மெக்கானிக் அப்பகுதியைத் துடைத்துவிட்டு, உலர்ந்த முகப்பவுடரைத் தூவி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்ப்பார். ஈரம் முதலில் தோன்றும் இடம் பளிச்சென்று தெரியும்.

இடத்தைப் பொறுத்தே செலவும் அமைகிறது. எஞ்சினின் உச்சியிலுள்ள டேப்பட் கவரின் பேக்கிங் கசிவது மிகப் பொதுவான குறை. பல சிறு கார்களில் அந்தப் பேக்கிங்கின் விலை சில நூறு ரூபாய்தான். மாற்றும் வேலையும் எளிது. ஆயினும், அங்கிருந்து வழியும் எண்ணெய் சூடான புகைக்குழாயின் மீது விழுமாயின், கருகிய நாற்றமும் புகையும் எழும். தீப்பற்றும் அபாயமும் உண்டு. எளிய குறை என்று அதைத் தள்ளிப்போடுதல் தவறு. ஆயில் ஃபில்டர் சரியாக இறுகாமை, எண்ணெய் வடிக்கும் திருகின் வாஷர் தேய்ந்தமை, எண்ணெய் அழுத்தத்தை உணர்த்தும் சுவிட்சு பழுதானமை ஆகியவையும் சிறு செலவில் தீர்வனவே.

அடுத்த நிலையில் இருப்பது, பட்டறைகளில் 'ஆயில் சேம்பர்' என்று வழங்கும் அடித்தொட்டியின் கசிவு. வேகத்தடையில் இடித்து நசுங்கிய அடையாளம் அதில் இருக்கிறதா என்று பார்த்தல் நன்று. கிராங்க் தண்டின் முன்பக்கச் சீல் கசிந்து, அவ்வெண்ணெய் டைமிங் பெல்ட்டின் மீது படுமாயின், பெல்ட் விரைவில் கெடும். ஓடும்போது அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேருமிடத்தில் எண்ணெய் சொட்டினால், கிராங்க் தண்டின் பின்பக்கச் சீல் கெட்டிருக்கக்கூடும். அந்தச் சீலின் விலை அற்பம். ஆனால் அதை எட்டுவதற்குக் கியர்ப்பெட்டியையே இறக்க வேண்டும். கூலி சில ஆயிரங்களாகும். எண்ணெய் கிளட்ச் தட்டில் ஏறியிருந்தால் கிளட்சையும் மாற்ற நேரும். பொருளின் விலையைக் கேட்டு மகிழ்ந்து, கூலியைக் கேட்க மறந்தவர்கள் ஏமாறுவது இவ்விடத்தில்தான். "சீல் என்ன விலை?" என்று கேட்பதைவிட, "சீலை மாற்றி வண்டியை என் கையில் தர மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதே அறிவுடைமை.

எவ்வளவு கசிகிறது?

எண்ணெய் படிந்து, அதன்மேல் புழுதி ஒட்டி, அடை அடையாக உலர்ந்திருப்பது நெடுநாளைய மெல்லிய கசிவைக் காட்டும். ஈரமாகப் பளபளத்து, தொட்டால் விரலில் ஒட்டி, நுனியில் சொட்டாகத் திரண்டு நிற்பது இன்றும் தொடரும் கசிவைக் காட்டும். முன்னதைக் கண்காணித்துக்கொண்டே பல மாதங்கள் ஓட்டலாம். பின்னதை அவ்வாறு விட்டுவிடுதல் இயலாது.

சிறு துளிதானே என்று நினைப்போர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 25 சொட்டுகள் சேர்ந்து ஒரு மில்லிலிட்டர் என்று கொள்வோம். நிமிடத்திற்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் ஒரு நாளில் 1,440 சொட்டுகள். அதாவது ஏறக்குறைய 58 மில்லிலிட்டர். பதினேழு பதினெட்டு நாட்களில் ஒரு லிட்டர் போய்விடும். சிறு கார்களின் எஞ்சினில் மொத்தம் இருப்பதே மூன்று நான்கு லிட்டர்தான். அளவுகோலின் கீழ்க்குறிக்கும் மேற்குறிக்கும் இடையேயுள்ள வேறுபாடு பல வண்டிகளில் ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆகவே, அத்தகைய வண்டியை மூன்று வாரம் கவனியாமல் விட்டால் எண்ணெய் கீழ்க்குறிக்கும் கீழே இறங்கியிருக்கும்.

அளவைக் கண்டறிய அட்டைத் தாளைப் பயன்படுத்தலாம். கூடுமாயின், வண்டியை முந்தைய இரவே சமமான தரையில் நிறுத்தச் சொல்லி, அடியில் அட்டையை விரித்துவைத்துக் காலையில் பார்க்கவேண்டும். பின்னர் அரை மணி நேரமேனும் ஓட்டி, அதில் சிறிது தூரம் நெடுஞ்சாலையிலும் செலுத்தி, மீண்டும் அட்டையின்மேல் இருபது நிமிடம் நிறுத்தவேண்டும். சூடேறி இளகிய எண்ணெய் குளிர்ந்த எண்ணெயைவிட எளிதில் கசியும். தில்லியின் தை மாதக் குளிரில், நின்ற நிலையில் மட்டும் பார்த்துவிட்டு "கசிவே இல்லை" என்று முடிவு கட்டுதல் கூடாது. மும்பையின் மழைக்காலத்தில் ஈரத் தரையில் கறை தெரியாது. இக்காலக் கார்கள் பலவற்றில் எஞ்சினுக்கு அடியில் பிளாஸ்டிக் மூடி உண்டு. ஒழுகும் எண்ணெயை அது தாங்கிக்கொள்வதால், தரை சுத்தமாக இருப்பதும் போதிய சான்றாகாது. பட்டறையின் பள்ளத்திலோ தூக்கு மேடையிலோ நிறுத்தி, அம்மூடியைக் கழற்றிப் பார்த்தலே முறை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. அழுக்கடைந்த எஞ்சினைக் கண்டு பலர் முகம் சுளிக்கின்றனர். கழுவித் துடைத்துப் பளபளக்கும் எஞ்சினைக் கண்டு மகிழ்கின்றனர். உண்மையில் ஐயுற வேண்டியது பின்னதையே. பத்தாண்டு ஓடிய வண்டியின் எஞ்சின் நேற்று வாங்கியதுபோல் மின்னினால், கசிவின் சுவடுகள் கழுவப்பட்டிருக்கலாம். பாகங்களின் இணைப்பில் வெளிப்புறமாகப் புதிய பசை அப்பியிருந்தால், கெட்ட பேக்கிங்கை மாற்றாமல் மேலே பூசி மறைத்துள்ளனர் என்று பொருள்.

ஏன் கசிகிறது?

நான்கு வினாக்களுள் இதுவே தலையாயது. வயதினால் இறுகிய சீலை மாற்றினால் கசிவு நிற்கும். ஆனால், எஞ்சினுக்குள் அழுத்தம் மிகுந்து எண்ணெயை வெளியே தள்ளுமாயின், எத்தனை சீல்களை மாற்றினாலும் பயனில்லை. ஓரிடத்தில் அடைத்தால் மற்றோரிடத்தில் கசியும். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் தேய்ந்துபோனால், எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்கின்றனர். காற்றுப்போக்கு வால்வு அடைத்துக்கொண்டாலும் இதே விளைவு தோன்றும். அவ்வால்வை மாற்றுவது சிறு செலவு. தேய்ந்த எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடுவதோ பெருஞ்செலவு.

எஞ்சின் சூடேறி மெல்ல ஓடிக்கொண்டிருக்கையில், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் இதை ஓரளவு அறியலாம். சூடான எண்ணெய் தெறிக்கக்கூடுமாதலால், இதை மெக்கானிக்கைக் கொண்டு செய்வித்தல் நலம். சிறிது ஆவி எழுவது இயல்பு. புகை குபுகுபுவென்று விட்டுவிட்டு வெளிவருமாயினும், துளையின்மீது தளர்வாக வைத்த மூடியைக் காற்று தூக்கி எறியுமாயினும், அவ்வெஞ்சின் ஐயத்திற்குரியது. அதனுடன் புகைக்குழாயில் நீல நிறப் புகையும் கண்டால், எண்ணெய் வெளியே கசிவதோடு உள்ளே எரிந்தும் வருகிறது என்பது உறுதியாகும்.

எண்ணெய் அளவுகோலையும் பார்க்கவேண்டும். அதில் எண்ணெய் பாலும் காப்பியும் கலந்ததுபோல் காணப்பட்டால், நீர் உட்புகுந்துள்ளது. ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். குளிர்நாட்டில் குறுந்தொலைவே ஓடும் வண்டியின் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்மை படிந்திருப்பது ஈரத்தினாலும் நேரும். அளவுகோலிலும் அவ்வாறே காணப்பட்டால்தான் அஞ்சவேண்டும்.

இறுதியாக, எண்ணெய்க்குப்பி வடிவிலுள்ள சிவப்பு விளக்கைக் கவனித்தல் வேண்டும். அவ்விளக்கையுடைய வண்டியில், சாவியைத் திருப்பியவுடன் அது எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையவேண்டும். சாவியைத் திருப்பியும் எரியவே இல்லையெனில், விளக்கு கெட்டிருக்கலாம் அல்லது வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டிருக்கலாம். சூடேறிய எஞ்சின் மெல்ல ஓடும்போது அது மினுக்குமாயின், எண்ணெய் அழுத்தம் குறைந்துள்ளது என்பது அதன் பொருள். அழுத்தமானியைப் பொருத்தி அளந்து, அளவு சரியென்று நிறுவினாலன்றி அவ்வண்டியை விலை பேசாமல் திரும்புதலே நன்று.

விலை பேசும் முறை

மேற்கூறியவற்றைக் கொண்டு வண்டிகளை மூவகையாகப் பிரிக்கலாம். மேற்புறப் பேக்கிங், ஃபில்டர், வாஷர் போன்ற இடங்களில் மெல்லிய கசிவு இருந்து, மற்றவை நன்றாக இருப்பின் தயங்காது வாங்கலாம். பின்பக்கச் சீல், முன்பக்கச் சீல், சேம்பர் ஆகியவற்றில் கசிவு இருப்பின், செலவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். பேக் கம்ப்ரஷன், நீலப்புகை, எண்ணெயில் நீர், அழுத்தக் குறைவு ஆகிய ஒன்றேனும் இருப்பின், எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுதலே தகும்.

இரண்டாம் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு: விற்பவர் கேட்கும் விலை 3,00,000 ரூபாய் என்போம். இரண்டு பட்டறைகளில் மதிப்பீடு கேட்டதில் ஒருவர் 9,000 என்றும் மற்றவர் 14,000 என்றும் கூறினர். உயர்ந்ததையே கொள்க. பிரித்த பின்னரே தெரியவரும் குறைகளுக்காக அதில் பாதியையும் சேர்த்தால் 21,000 ஆகிறது. 2,79,000 ரூபாய்க்கு மேல் அவ்வண்டிக்குத் தருவதற்கில்லை. "நானே பழுது பார்த்துத் தருகிறேன்" என்று விற்பவர் முன்வரக்கூடும். வண்டி கைமாறும் நாள்வரை கசியாமல் இருந்தால் அவருக்குப் போதும். உங்களுக்கோ ஆண்டுக்கணக்கில் கசியாதிருக்க வேண்டும். எனவே, விலையைக் குறைத்துப் பெற்று, பழுதை நீங்களே பார்ப்பித்துக்கொள்வது மேல்.

வெளியூரில் வாழ்வோர்க்குச் சில சொற்கள்

சொந்த ஊரில் நமக்குத் தலைமுறையாகப் பழகிய மெக்கானிக் இருப்பார். புதிய நகரில் அத்தகையவர் இலர். விற்பவர் பரிந்துரைக்கும் பட்டறையைத் தவிர்த்து, அதே நிறுவனத்தின் கார்களை நாள்தோறும் பழுது பார்க்கும் வேறொரு பட்டறையில் கட்டணம் செலுத்திச் சோதிப்பிக்க வேண்டும். கரோல் பாக் போன்ற இடங்களிலுள்ள பழைய கார் வணிகரிடம் வாங்கினாலும் சரி, மாற்றலாகி ஊர் திரும்பும் தமிழ் அன்பரிடம் வாங்கினாலும் சரி, சோதனை ஒன்றே. நம்மவர் என்ற உரிமையால் அட்டையை விரிக்கக் கூசுவோர் பலர். விற்கும் நண்பரும் தம் வண்டியின் குறையை அறியாதிருக்கலாம் அல்லவா? முன்னரே சோதித்து வாங்கினால், பின்னர் அவர்மீது மனக்கசப்பு கொள்ள இடமிராது.

வண்டியை வேறு மாநிலத்திற்குக் கொண்டுசெல்லும் எண்ணம் இருப்பின், பதிவு பற்றியும் முன்னரே விசாரித்தல் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி பிறிதொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டால், அங்கே புதிய பதிவெண் பெறுதல் வேண்டும். தடையின்மைச் சான்றும் சாலை வரியும் அதனுடன் சேரும் செலவுகள். தில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் ஓட்டலாகாது என்னும் தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-இல் அந்நீதிமன்றமே அதன் செயற்பாட்டில் மாறுதல்கள் செய்தது. ஆதலின், தில்லி வட்டாரத்தில் வாங்குவோர், வாங்கும் நாளில் நடப்பிலுள்ள விதி யாதென்று போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் இன்றியமையாதது. சீலை மாற்றிப் புதுப்பித்த எஞ்சின், வயதின் காரணமாகத் தெருவில் ஓடமுடியாமற் போனால் செய்த செலவெல்லாம் வீணாகும்.

வாங்கிய பின்னரும் ஒரு கடமை உண்டு. முதல் மூன்று மாதங்கள் வாரந்தோறும், சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, அளவுகோலைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வரவேண்டும். நெடுந்தூரம் புறப்படுமுன் ஒரு முறை பார்க்கவேண்டும். வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால், "அடுத்த ஊர்வரை போய்ப் பார்ப்போம்" என்று எண்ணாமல், பாதுகாப்பான இடத்தில் அக்கணமே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். எண்ணெய் அழுத்தமின்றி ஓடும் எஞ்சின் சில நிமிடங்களிலேயே பாழாகிவிடும்.

தரையில் கறையைக் கண்டதும் ஓடவும் வேண்டா. கண்டும் காணாதவர்போல் பணத்தை எண்ணிக் கொடுக்கவும் வேண்டா. நான்கு வினாக்களையும் கேட்டு, விடைகளைத் தாளில் எழுதி, அதன் பின்னர் விலையைச் சொல்லுங்கள். பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுப்பதற்கு முன், ஓர் இரவும் ஒரு காலைப்பொழுதும் காத்திருத்தல் பெரிதன்று.